டிஸ்ப்ளே மேனேஜர்: ‘காட்சி மேலாளர்’ பொருந்தவில்லை, ‘அமர்த்தி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

டெபியன் லினக்ஸில் எக்ஸ்எஃப்சிஇ என்ற பணிமேடையை (டெஸ்க்டாப்) நிறுவுவதற்கான கையேட்டில், வரைகலை நுழைவுத் திரையை அமைக்கும் இயல் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறது. நினைவகம் குறைந்த பழைய கணினிகளில் அடிப்படை அமைப்பை மட்டும் நிறுவி, அதன்மேல் எடை குறைந்த பணிமேடை ஒன்றைச் சேர்ப்பவர்களுக்காக எழுதப்படும் இயல் அது. அப்படி நிறுவியவருக்குக் கணினி தொடங்கியதும் கிடைப்பது கறுப்புத் திரையில் பயனர்பெயரைக் கேட்கும் ஒற்றை வரிதான். கடவுச்சொல்லையும் தந்து உள்ளே போன பிறகு ஸ்டார்ட்எக்ஸ் என்ற கட்டளையைத் தட்டினால்தான் பணிமேடை வரும். லைட்டிஎம் என்ற நிரலை நிறுவிவிட்டால் இந்த வேலை இல்லை. கணினி தொடங்கும்போதே அது எழுந்து, திரையில் சாளரங்களை வரைந்து தரும் எக்ஸ் வழங்கியை இயக்கி, பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் திரையைக் காட்டி, சரிபார்த்து, பணிமேடையைத் திறந்துவிடுகிறது. இவ்வகை நிரல்களுக்கான பொதுப்பெயர்தான் டிஸ்ப்ளே மேனேஜர்.

பயனர் உள்ளே வந்தது முதல் வெளியேறும் வரையிலான செஷன் என்பதற்கு ‘அமர்வு’ நிலைபெற்றுவிட்டது. பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் திரையான கிரீட்டர் என்பதற்கு ‘வரவேற்புத் திரை’ என்று வைத்துக்கொள்வதில் யாருக்கும் மறுப்பு இருப்பதாகத் தெரியவில்லை. லாகின் என்பதற்கு ‘புகுபதிகை’யா ‘உள்நுழைவு’ஆ என்ற பழைய வழக்கை இந்த இழையில் மீண்டும் திறக்க வேண்டாம். எஞ்சியிருக்கும் ஒரு சொல்லைப் பற்றி முந்தைய மடல்களில் வந்த கருத்துகளுக்கு என் மறுமொழியைக் கீழே தருகிறேன்.

> ‘காட்சி மேலாளர்’ என்று ஏற்கெனவே சிலர் எழுதுகிறார்கள். அதையே வைத்துக்கொண்டால் என்ன?

டிஸ்ப்ளே என்ற சொல்லை எக்ஸ் சாளர அமைப்பு எந்தப் பொருளில் ஆள்கிறது என்பதைப் பார்த்தால் தடை எங்கே இருக்கிறது என்பது புரியும். கண்ணுக்குத் தெரியும் காட்சியை அது குறிப்பதில்லை. ஒரே விசைப்பலகையையும் சுட்டியையும் பகிர்ந்துகொள்ளும் ஒன்றோ பலவோ ஆன திரைகளின் தொகுதியைத்தான், அதாவது ஒருவர் வந்து உட்கார்ந்து வேலை செய்வதற்கான முழு ஏற்பாட்டைத்தான் எக்ஸின் ஆவணங்கள் அந்தச் சொல்லால் குறிக்கின்றன. இவ்வகையின் முதல் நிரலான எக்ஸ்டிஎம், எக்ஸ் 11இன் மூன்றாம் வெளியீட்டோடு 1988இல் வந்தது. ஒரு பெரிய கணினியோடு பல எக்ஸ் முனையங்கள் வலையமைப்பு வழியாக இணைக்கப்பட்டிருந்த காலம் அது. ஒவ்வொரு முனையமும் ஒரு டிஸ்ப்ளே. அவற்றில் யார் வந்து உட்கார்ந்தாலும் அடையாளம் கேட்டு, அவருடைய அமர்வைத் தொடங்கி, அவர் எழுந்து போனதும் அடுத்தவருக்காக முனையத்தைத் தயார் செய்து வைப்பதே எக்ஸ்டிஎம்மின் பணி. அடுத்த ஆண்டு வந்த நான்காம் வெளியீட்டில், முனையங்கள் வலையமைப்பு வழியாக இந்நிரலை அணுகுவதற்கான எக்ஸ்டிஎம்சிபி என்ற நெறிமுறையும் சேர்ந்தது. இன்றும் லைட்டிஎம்மின் அமைவுக் கோப்பில் அந்த நெறிமுறைக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. பல முனையங்களை மேற்பார்த்த நிரலுக்கு அந்த ஆங்கிலப் பெயர் அன்று பொருந்தியது. தமிழில் ‘காட்சி’ என்று போட்டதும் அந்தப் பொருள் முழுதும் உதிர்ந்து, திரையில் தெரிவது என்ற பொருள் மட்டுமே நிற்கிறது.

அது மட்டுமன்றி, எக்ஸ்எஃப்சிஇயின் அமைப்புகளில் திரையின் தெளிவுத்திறனையும் இரண்டாம் திரையையும் சரிசெய்யும் கருவிக்கும் டிஸ்ப்ளே என்றே பெயர். ‘காட்சி மேலாளரை மாற்றவும்’ என்று கையேட்டில் படித்தவர் அங்கே போய்த் தேடினால் அவரைக் குறை சொல்ல முடியாது. ‘திரை மேலாளர்’ என்ற மாற்றும் இதே குழியில் விழுவதால் அதைத் தனியாக எடுத்துக்கொள்ளவில்லை.

> செய்வது நுழைய விடும் வேலை. ‘நுழைவு மேலாளர்’ என்று நேராகச் சொல்லிவிடலாமே.

இதுவரை வந்த பரிந்துரைகளில் வலுவானது இதுதான். ஆங்கிலத்திலேயே பலர் லாகின் மேனேஜர் என்றுதான் சொல்கிறார்கள். எனினும் மூன்று இடங்களில் இது இடறுகிறது.

முதலாவது, தானியங்கு நுழைவு. லைட்டிஎம்மின் அமைவுக் கோப்பில் ஒரு பயனரின் பெயரைத் தானியங்கு நுழைவுக்கு என்று எழுதிவிட்டால், கணினி தொடங்கியதும் யாரும் எதையும் தட்டச்சு செய்யாமலேயே பணிமேடை வந்துவிடும். யாரும் நுழையவில்லை, கடவுச்சொல் கேட்கப்படவில்லை, வரவேற்புத் திரையே தோன்றவில்லை. ஆனாலும் அமர்வைத் தொடங்கி வைத்தது லைட்டிஎம்தான். அந்த அமர்வை முடித்து வெளியேறியதும் வரவேற்புத் திரையைக் கொண்டுவந்து நிறுத்துவதும் அதுதான்.

இரண்டாவது, பெயர் மோதல். கணினி தொடங்கும்போது பின்னணிச் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியின் பகுதியான லாகின்டி தன் கையேட்டுப் பக்கத்தில் தன்னை லாகின் மேனேஜர் என்றே அறிமுகம் செய்துகொள்கிறது. அமர்வுகளைக் கணக்கில் வைத்திருப்பதும், எந்தப் பயனர் எந்த வன்பொருள் முன் இருக்கிறார் என்று பார்ப்பதும், மடிக்கணினியின் மூடி மூடப்பட்டால் உறங்கச் செய்வதும் அதன் வேலை. லைட்டிஎம்மும் லாகின்டியும் ஒரே கணினியில் ஒரே நேரத்தில் இயங்குபவை. இரண்டையும் நுழைவு மேலாளர் என்று எழுதிவிட்டு, பதிவுக் கோப்பில் வரும் பிழைச்செய்தி யாருடையது என்று வாசகரைக் கண்டுபிடிக்கச் சொல்வது நியாயமாகாது.

மூன்றாவது காரணம்தான் கையேடு எழுதுபவனாக எனக்கு முக்கியமானது. சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் திரை ஒரு கணம் இருண்டு மீண்டும் வரவேற்புத் திரைக்கே திரும்பிவிடுகிறது என்ற முறையீடு, புதிதாக அமைப்பவர்களிடமிருந்து அடிக்கடி வருவது. தவறான கடவுச்சொல் என்றால் திரையிலேயே அறிவிப்பு வந்திருக்கும்; இங்கே சரிபார்ப்பு வெற்றியோடு முடிந்துவிட்டது. எக்ஸ் வழங்கியை அணுகும் அனுமதிக்காக வீட்டு அடைவில் உள்ள எக்ஸ்அத்தாரிட்டி கோப்பு, யாரோ நிர்வாகி உரிமையோடு ஸ்டார்ட்எக்ஸை இயக்கியதால் ரூட் என்ற நிர்வாகிப் பயனருக்குச் சொந்தமாகிப் போயிருக்கும். அல்லது வட்டில் இடம் தீர்ந்திருக்கும். நுழைவு நடந்தது, அமர்வுதான் நிலைக்கவில்லை. இதை ‘நுழைவு மேலாளர் பிழை’ என்ற தலைப்பின் கீழ் எழுதினால் படிப்பவர் முதலில் செய்யப் போவது கடவுச்சொல்லை மாற்றுவதுதான். அதனால் ஒரு பயனும் இல்லை.

> அப்படியானால் ‘அமர்வு மேலாளர்’?

அந்தப் பெயருக்கு உரியவர் ஏற்கெனவே இருக்கிறார். எக்ஸ்எஃப்சிஇயிலும் எல்எக்ஸ்டிஇ என்ற மற்றொரு பணிமேடையிலும் பலகத்தையும் சாளர மேலாளரையும் பின்னணி நிரல்களையும் தொடங்கி வைக்கும் செஷன் மேனேஜர் தனி நிரல்; அது அமர்வுக்குள் இருந்து வேலை செய்வது. லைட்டிஎம் அமர்வுக்கு வெளியே நிற்பது.

> பழைய சொல் ஒன்றை எடுத்தாளலாம்: ‘வாயிலோன்’.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண்பால் விகுதியோடு ஒரு நிரலுக்குப் பெயர் வைக்க நான் தயங்குகிறேன். உலாவி, இயக்கி, வழங்கி, செயலி என்ற வரிசையில் விகுதியை மாற்றலாமே என்று பார்த்தால் ‘வாயிலி’ என்று வரும்; அது வாய் இல்லாதது என்று பொருள்படும்! எப்போதும் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டுக்கொண்டே இருக்கும் நிரலுக்கு அது பொருந்தாது. ‘நுழைவாயில்’ என்பதோ வலையமைப்பின் கேட்வேக்குப் போய்விட்டது.

இனி என் பரிந்துரை. அமர்வு என்ற சொல்லை ஏற்றுக்கொண்டபோதே அதன் வேர்ச்சொல்லான ‘அமர்’ நமக்குக் கிடைத்துவிட்டது. அதன் பிறவினை ‘அமர்த்து’: உட்கார வைப்பது, ஓர் இடத்தில் நிலைபெறச் செய்வது. கருவிப்பொருள் தரும் இகர விகுதியைச் சேர்த்தால் ‘அமர்த்தி’. பயனரை ஓர் அமர்வில் அமர்த்துவது அமர்த்தி. அமர்பவர் பயனர், அவர் அமர்வது அமர்வு, அமர வைப்பது அமர்த்தி என்று மூன்றும் ஒரே குடும்பமாகின்றன.

இது சொல் அழகுக்காக மட்டும் சொல்வது அன்று. லைட்டிஎம்மின் அமைவுக் கோப்பைத் திறந்து பார்த்தவர்களுக்கு, அதன் முக்கியப் பகுதியின் தலைப்பு சீட் (இருக்கை) என்று இருப்பது நினைவிருக்கும். எந்த வரவேற்புத் திரையை இயக்குவது, இயல்பாக எந்த அமர்வைத் திறப்பது, யாருக்குத் தானியங்கு நுழைவு என்பன எல்லாம் அந்தத் தலைப்பின் கீழ்தான் எழுதப்படுகின்றன. லாகின்டியும் ஒரு திரை, ஒரு விசைப்பலகை, ஒரு சுட்டி கொண்ட தொகுதியைச் சீட் என்றே அழைத்து, முதல் இருக்கைக்குச் சீட்0 என்று பெயரிடுகிறது. ஒரே கணினியில் இரண்டு வரைகலை அட்டைகளையும் இரண்டு விசைப்பலகைகளையும் செருகி இரண்டு பேரை ஒரே நேரத்தில் வேலை செய்ய வைக்கும் ஏற்பாட்டில், இரண்டு இருக்கைகளுக்கும் தனித்தனி வரவேற்புத் திரையைக் கொடுப்பது லைட்டிஎம் போன்ற நிரல்தான். எக்ஸின் பழைய டிஸ்ப்ளேயும் இந்தப் புதிய சீட்டும் ஏறக்குறைய ஒரே கருத்தின் இரண்டு பெயர்கள். எனவே ‘இருக்கை’யில் ஒருவரை ‘அமர்வு’க்கு ‘அமர்த்தும்’ நிரல் என்ற விளக்கம், மூலநிரல் எழுதியவர்கள் மனத்தில் வைத்திருந்த படத்துக்குக் காட்சி மேலாளரைவிட மிக அருகில் நிற்கிறது.

எக்ஸுக்கு மாற்றான வேலாண்டு வந்த பிறகும் இந்தப் பெயர் தளராது. லைட்டிஎம்மைப் போன்ற எஸ்டிடிஎம், ஜிடிஎம் ஆகியவை எக்ஸ் அமர்வையும் தொடங்கும், வேலாண்டு அமர்வையும் தொடங்கும். எழுத்து முனையத்திலேயே இயங்கும் லை என்ற சிறு நிரலும் இதே வகையைச் சேர்ந்தது. அதற்கு வரைகலைத் திரையே தேவையில்லை. திரையைப் பெயரில் வைத்துக்கொள்ளாமல் இருப்பது இங்கே உதவுகிறது.

இரண்டு மறுப்புகள் வரக்கூடும். ‘அமர்த்தி’ வினையெச்சமாகவும் படிக்கப்படும் என்பது ஒன்று. உலாவியும் இயக்கியும் வழங்கியும் அப்படித்தான், தொடரில் வைத்துப் படிக்கும்போது யாரும் தடுமாறுவதில்லை. மற்றது சற்றுக் கனமானது. சில வட்டாரங்களில் அடுப்பை அமர்த்துவது, விளக்கை அமர்த்துவது என்றால் அணைப்பது. பேச்சில் அது பெரும்பாலும் ‘அமத்து’ என்றே ஒலிக்கிறது. எழுத்தில் ‘பணியில் அமர்த்து’ என்ற பொருளே முந்துகிறது. இருந்தாலும் அந்த வட்டாரத்தினர் இதைப் படித்ததும் எப்படி உணர்கிறார்கள் என்று அறிய விரும்புகிறேன். கணினியை அணைக்கும் பொத்தான் வரவேற்புத் திரையிலேயே இருப்பதால் இந்தக் குழப்பத்தை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை.

அமர்த்தியையும் வரவேற்புத் திரையையும் கையேடு முழுக்கப் பிரித்தே எழுத வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். லைட்டிஎம்மில் இவை உண்மையிலேயே இரண்டு நிரல்கள்: அமர்த்தி ரூட் உரிமையோடு பின்னணியில் இயங்குகிறது, வரவேற்புத் திரை அதிகாரம் இல்லாத தனிப் பயனரின் பெயரில் இயங்கி, கடவுச்சொல்லை அமர்த்தியிடம் ஒப்படைக்க, அது பேம் என்ற சரிபார்ப்பு அமைப்பின் வழியாகச் சரிபார்க்கிறது. பின்னணிப் படத்தையும் எழுத்துருவையும் மாற்ற வேண்டியது வரவேற்புத் திரையின் கோப்பில். தானியங்கு நுழைவை எழுத வேண்டியது அமர்த்தியின் கோப்பில். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் வாசகர் தவறான கோப்பைத் திருத்திவிட்டு மாற்றம் வரவில்லை என்று கேட்பார். வரவேற்புத் திரை தமிழில் தோன்ற வேண்டுமானால் பயனரின் மொழி அமைப்பு போதாது, அமைப்பு முழுமைக்குமான மொழியைத் தமிழாக்க வேண்டும் என்பதும் இதே இடத்தில் விளக்கப்பட வேண்டியது. அந்தத் திரை வரும்போது பயனர் யார் என்றே கணினிக்குத் தெரியாதல்லவா?

ஒரு சொல்லைத் தனியாகப் பார்த்து எடைபோடுவதைவிடத் தொடரில் இட்டுப் பார்ப்பது நல்லது. கையேட்டில் வரப்போகும் மூன்று தொடர்கள்:

‘இக்கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட அமர்த்திகள் நிறுவப்பட்டுள்ளன, இயல்பாக இயங்க வேண்டியதைத் தேர்ந்தெடுக்கவும்.’

‘அமர்த்தியை மறுதொடக்கம் செய்தால் நடப்பு அமர்வு முடிந்துவிடும், கோப்புகளை முதலில் சேமித்துக்கொள்ளவும்.’

‘கடவுச்சொல் ஏற்கப்பட்டது, ஆனால் அமர்த்தியால் அமர்வைத் தொடங்க முடியவில்லை.’

முதல் தொடர், இரண்டாவதாக ஒரு நிரலை நிறுவும்போது டெபியன் கேட்கும் கேள்விக்கு உரியது. மூன்றாவது தொடரை ‘காட்சி மேலாளர்’ என்று மாற்றி ஒருமுறை படித்துப் பாருங்கள்.

கட்டளைகளிலும் கோப்புப் பெயர்களிலும் மூலப்பெயர் அப்படியே இருக்கும். எந்த அமர்த்தியை நிறுவினாலும் சிஸ்டம்டியில் அது டிஸ்ப்ளே-மேனேஜர் என்ற மாற்றுப்பெயரிலும் கிடைப்பதால், வாசகர் அந்த ஆங்கிலப் பெயரை எப்படியும் சந்திப்பார். ஆகவே ஒவ்வோர் ஆவணத்திலும் முதல் இடத்தில் ‘டிஸ்ப்ளே மேனேஜர் எனப்படும் அமர்த்தி’ என்று எழுதிவிட்டு, பிறகு அமர்த்தி என்று மட்டும் ஆளலாம். வேறு சொல்லை விரும்புபவர்கள் மேலே உள்ள மூன்று தொடர்களையும் தங்கள் சொல்லைக் கொண்டு எழுதி அனுப்பினால் ஒப்பிட வசதியாக இருக்கும்.

அன்புடன்
கையேட்டு மொழிபெயர்ப்பாளர்களில் ஒருவன்