புரோபேட் (உயிலை நீதிமன்றம் உறுதிப்படுத்தும் ஆணை) படிவங்களை நாமே நிரப்பலாமா, சொலிசிட்டரிடம் (சட்டத்தரணியிடம்) ஒப்படைக்க வேண்டுமா?

கேள்வி: இங்கிலாந்தில் வாழ்ந்த எங்கள் தாயார் அண்மையில் காலமானார். வீடும் சேமிப்புமாக ஏறத்தாழ 7,80,000 பவுண்டு உள்ளது. அனைத்தும் பிள்ளைகளுக்கே என உயில் எழுதியுள்ளார். முன்னரே மறைந்த தந்தையார் தம் சொத்து முழுவதையும் தாயாருக்கே விட்டுச்சென்றார். உயிலின் நிறைவேற்றுநரான நானே படிவங்களை நிரப்பலாமா?

பதில் 1: தங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த இரங்கல். தாங்களே செய்யலாம் என்பதே என் கருத்து. ஒருவருக்கான மரபுரிமை வரி (இறந்தவர் சொத்தின் மீதான வரி) விலக்கு வரம்பு 3,25,000 பவுண்டு. வீடு பிள்ளைகளுக்குச் செல்வதால் மேலும் 1,75,000. தந்தையார் பயன்படுத்தாத வரம்புகளும் சேர்ந்தால் மொத்தம் 10,00,000 வரை வரி இராது. ஆனால் இச்சலுகைகள் தாமாகக் கிடைப்பவையல்ல. ஐஎச்டி 400 எனும் மரபுரிமை வரிப் படிவத்துடன் 402, 435, 436 ஆகியவற்றையும் இணைத்துக் கோர வேண்டும். வரித்துறை அனுப்பும் குறியீடு வந்த பின்னரே புரோபேட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

பதில் 2: மேலுள்ளதை ஏற்கிறேன், எனினும் இறப்புக்கு முந்தைய 7 ஆண்டுகளில் தாயார் கொடுத்த அன்பளிப்புகளையும், ஊரில் அவர் பெயரில் காணி இருந்தால் அதனையும் கட்டாயம் ஆராயுங்கள். இவற்றால் வரம்பு மீறினால் மிகுதிக்கு 40 விழுக்காடு வரி உண்டு. இறந்த மாதத்துக்குப் பிந்தைய ஆறாம் மாத முடிவுக்குள் செலுத்தாவிட்டால் வட்டியும் சேரும். தவறுக்கு நிறைவேற்றுநரே நேரடிப் பொறுப்பாளி என்பதால், உடன்பிறந்தோரிடையே பிணக்கு இருந்தாலோ வெளிநாட்டுச் சொத்து இருந்தாலோ சொலிசிட்டரை நாடுவதே நன்று.

பதில் 3: வரிப் படிவங்களை மட்டும் நிலையான கட்டணத்துக்குச் சரிபார்க்கச் சொல்லுங்கள். சொத்து மதிப்பில் விழுக்காடு கேட்பவரிடம், இவ்வளவு நேரான விடயத்தில், ஒப்பந்தம் செய்ய வேண்டாம்.