கலைச்சொல்: துருக்காப்பா, அடிக்காப்பா? வெள்ளிக்குள் முடிவு வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், வியாசர்பாடி

குழுவினருக்கு வணக்கம்.

மாலை வகுப்பில் வண்டி வேலை பழகும் பிள்ளைகளுக்கான கையேட்டைத் தமிழில் எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தார், கூர்க்கா, பழைய ஜிப்சி மாதிரியான காட்டுத்தட வண்டிகளின் சேஸிஸை, அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை, துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது பற்றி ஒரு பாடம். அதில் இரண்டு சொற்கள் அகப்படவில்லை.

ஒன்று, அண்டர்பாடி கோட்டிங். வண்டியின் அடியில் வெளிப்பக்கமாகப் பூசுவது. மற்றது, கேவிட்டி வேக்ஸ். இந்த வண்டிகளின் சேஸிஸ் ஏணி போன்றது. நீளவாக்கில் ஓடும் இரண்டு சட்டங்களும் பல இடங்களில் நான்கு பக்கமும் மூடிய பெட்டியாக இருக்கும். அந்தப் பெட்டிக்குள் நீண்ட குழாயை விட்டு, சுற்றிலும் பீச்சும் மூக்கு வழியாக அடிக்கிற மெழுகு இது.

வரைவில் 'துருக்காப்புப் பூச்சு', 'குழிவு மெழுகு' என்று போட்டிருக்கிறேன். இரண்டும் மனத்துக்கு ஒட்டவில்லை. சேஸிஸுக்குச் 'சட்டகம்' என்று முன்பே பேசி முடித்துவிட்டோம், அதை மறுபடி கிளறவேண்டாம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மயிலாப்பூர்

தம்பி, 'துருக்காப்பு' என்றால் துருவைக் காப்பது என்றல்லவா முதலில் பொருள்படும்? வீட்டைக் காப்பது வீட்டுக்காப்பு, ஊரைக் காப்பது ஊர்க்காப்பு. அந்த வரிசையில் துருவைப் பத்திரமாக வைத்திருக்கும் பூச்சு என்று ஆகிவிடும். 'புலி கொல் யானை' என்ற தொடரில் கொன்றது எது, செத்தது எது என்று உரையாசிரியர்கள் தடுமாறு தொழிற்பெயர் பேசியது நினைவிருக்கும். தெரிந்தே அப்படியொரு தடுமாற்றத்தைப் புதுச்சொல்லில் கொண்டுவர வேண்டாம். 'துருத்தடுப்பு' என்றால் வேலை முடிந்தது.

கல்லூரி விரிவுரையாளர், தாம்பரம்

ஐயா மன்னிக்கவேண்டும். 'அறிவற்றங் காக்குங் கருவி' என்றுதானே குறள் 421 தொடங்குகிறது? அற்றம் என்றால் அழிவு. அங்கே அறிவு அற்றத்தையா காக்கிறது, அற்றம் வராமலல்லவா காக்கிறது? வள்ளுவர் ஆண்ட வழக்கு துருவுக்கு மட்டும் ஏன் ஆகாது? 'தடுப்பு' எனக்குப் பிடிக்கவில்லை. துருவை எந்தப் பூச்சும் தடுத்துவிடாது, தள்ளித்தான் போடும்.

பட்டறைக்காரர், அம்பத்தூர்

எல்லாருக்கும் வணக்கம். இலக்கணத்துக்குள் நான் வரவில்லை. பெயர் வைக்குமுன் அந்தப் பூச்சு என்ன செய்கிறது என்று கொஞ்சம் பாருங்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் மணலில் ஓட்டிவிட்டு வரும் வண்டிகள் எங்களிடம் நிறைய வரும். சட்டத்தின் அடிப்பக்கம் தண்ணீர் வடிவதற்கென்று ஓட்டைகள் விட்டிருப்பார்கள். மணலும் சேறும் போய் அவற்றை அடைத்துவிடும். உள்ளே தங்கும் ஈரத்தில் உப்பு கரைந்திருக்கும். உப்புத் தண்ணீரில் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும், அந்த உப்பே காற்றின் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், ஸ்க்ரூ டிரைவரின் பின்பக்கத்தால் தட்டினால் டங் என்று வராமல் மொத்தென்று சத்தம் வரும். அழுத்தினால் தகடு பிஸ்கட் மாதிரி உள்ளே போகும். அந்த வண்டிக்கு அதற்குமேல் எதைப் பூசியும் பயனில்லை, கெட்ட இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைக்க வேண்டும்.

இன்னொன்று. தார் கலந்த கறுப்புப் பூச்சை ஈரத்துருவின் மேலேயே அடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது நாளாக நாளாக இறுகி வெடிக்கும். வெடிப்பில் தண்ணீர் இறங்கி உள்ளுக்குள்ளேயே நிற்கும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பூசாமல் விட்டதைவிட இது மோசம். மெழுகு அப்படியில்லை. இளகலாகவே இருக்கும், இடுக்கில் ஊர்ந்து போகும். அதனால் 'துருத்தடுப்பு' என்று இரண்டுக்கும் பொதுவாக ஒரு பெயர் வைத்தால், பையன் கையில் கிடைத்ததை எடுத்து எல்லா இடத்திலும் அடிப்பான். எங்கே அடிப்பது என்று பெயரிலேயே இருக்கட்டும்.

திருவல்லிக்கேணி அன்பர்

பட்டறை அண்ணன் சொன்னதைப் படித்ததும் கோயில் நினைவுதான் வந்தது. பூச்சுக்குக் 'காப்பு' என்பது நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய சொல்லே இல்லை. சந்தனக்காப்பு, எண்ணெய்க்காப்பு, வெண்ணெய்க்காப்பு என்று நாள்தோறும் சொல்கிறோம். திருவரங்கத்தில் பெரியபெருமாள் சுதைத் திருமேனி. அதற்குத் திருமஞ்சனம் இல்லை, தைலக்காப்புதான். மேனி கெடாமல் இருக்கப் பூசுவது என்ற பொருள் அந்தச் சொல்லிலேயே நிறைந்திருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இவை எல்லாவற்றிலும் காப்புக்கு முன்னே நிற்பது பூசுகிற பொருள். அந்தக் கணக்கில் துருக்காப்பு என்றால் துருவையே அள்ளிப் பூசுவதாகும்! ஆகவே மயிலாப்பூர் ஐயாவின் முடிவு சரி, காரணம் வேறு. தார்க்காப்பு, மெழுகுக்காப்பு என்று வைத்தால் என்ன?

சொல்லாய்வாளர், நங்கநல்லூர்

காப்பை அப்புறம் பார்க்கலாம், துருவை யாரும் தொடவில்லையே. மலையாளத்தில் துரும்பு, தெலுங்கில் துப்பு, கன்னடத்தில் துக்கு. எல்லாம் ஒரே குடும்பம். துருவுதல் என்றால் துளைத்தல், குடைதல். தேங்காய் துருவுகிறோம், கேள்வியைத் துருவிக் கேட்கிறோம். இரும்பைத் துருவுவது துரு என்பது என் துணிபு.

இன்னும் ஒரு படி மேலே போகிறேன். துவர் என்றால் சிவப்பு, துவர் என்றால் துவர்ப்புச் சுவையும்கூட. துருவின் நிறம் முன்னது. பின்னதைப் பாருங்கள்: துருவை மாற்றுவதற்குக் கடையில் விற்கும் நீர்மங்களில் ஒருவகை டானிக் அமிலம் கொண்டது. அது கடுக்காயில் உள்ள அதே துவர்ப்புச் சத்து. செந்துருவின்மேல் பட்டால் கருநீலமாகிப் படிந்துவிடும். கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து மை காய்ச்சிய நம் முன்னோர் கண்டதும் இதே வேதிமாற்றம்தான். எனவே அந்த நீர்மத்துக்கு 'துவர்நீர்' என்று பெயரிட்டு, பூச்சுக்குத் 'துவரரண்' என்று...

மொழிபெயர்ப்பாளர், வியாசர்பாடி

ஐயா, கடுக்காய்ச் செய்தி அருமை, பாடத்தில் அப்படியே சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் பாஸ்பாரிக் அமிலம் கொண்ட வகையும் இருக்கிறதே, அது துவர் ஆகாது. 'துருமாற்றி' என்று பொதுவாகவே இருக்கட்டும். துவரரண் என்றால் பிள்ளைகள் துவரம்பருப்பு என்பார்கள்.

வளசரவாக்கத்திலிருந்து ஓர் ஈழத்தமிழர்

எங்கள் ஊரில் துரு என்று சொல்வதில்லை, கறள்தான். 'கறள் கட்டிப்போச்சு' என்று அம்மா கத்தியைப் பார்த்துச் சொல்வா. இந்தக் குழுவில் பொதுத்தமிழ் என்றால் எப்போதும் சென்னைத் தமிழாகவே முடிகிறது. 'கறள்' என்பதை அடைப்புக்குள்ளாவது போடுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மயிலாப்பூர்

நல்ல சொல். காப்போடு சேர்ந்தால் 'கறட்காப்பு' ஆகும், முள்ளும் காடும் முட்காடு ஆவது போல.

பட்டறைக்காரர், அம்பத்தூர்

ஐயா, கறட்காப்பு என்று நான் கூப்பிட்டால் பையன் கரண்டியை எடுத்து வருவான்.

தார்க்காப்பும் ஆகாது. தார் என்பது இங்கே வண்டியின் பெயர். 'தாருக்குத் தார்க்காப்பு அடி' என்றால் சொல்கிற எனக்கே குழப்பம். போதாததற்கு, அடியில் பூசுவதெல்லாம் தாரும் இல்லை. ரப்பர் கலந்தது இருக்கிறது, துத்தநாகப் பிரைமர், அதாவது முதல் பூச்சு, இருக்கிறது. இடத்தை வைத்துச் சொல்லுங்கள். அடியில் அடிப்பது அடிக்காப்பு, உள்ளே போவது உள்மெழுகு. ஒருமுறை சொன்னால் போதும், யாரும் மறக்கமாட்டார்கள்.

திருவல்லிக்கேணி அன்பர்

அடிக்காப்புக்கு என் ஓட்டு. அதே அச்சில் 'உட்காப்பு' என்றும் வைத்தால் இணையாக இருக்குமே?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மயிலாப்பூர்

உட்காப்பு சரி. 'உள்மெழுகு' சரியல்ல. ளகரத்தின்முன் மெல்லினம் வந்தால் ணகரமாகத் திரியும். உள் என்பதோடு மை சேர்ந்து உண்மை ஆகிறது. அந்த விதிப்படி இது 'உண்மெழுகு'.

பட்டறைக்காரர், அம்பத்தூர்

உண்கிற மெழுகா ஐயா? டப்பாவில் அப்படி எழுதி வைக்க எனக்குப் பயமாக இருக்கிறது. வகுப்பில் பதினைந்து வயதுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

மொழிபெயர்ப்பாளர், வியாசர்பாடி

வியாழன் இரவாகிவிட்டது. பெரும்பாலோர் சொன்னபடி அச்சுக்கு அனுப்புகிறேன்: வெளியே அடிக்காப்பு, உள்ளே உள்மெழுகு, துருவை மாற்றும் நீர்மம் துருமாற்றி. 'துரு' முதலில் வரும் இடத்தில் 'ஈழ வழக்கில் கறள்' என்று எழுதியிருக்கிறேன். உட்காப்பை விட்டதற்குக் காரணம் உண்டு. உள்ளே போகவேண்டியது மெழுகுதான், இறுகிப்போகும் கறுப்புப் பூச்சு அல்ல என்பது பெயரிலேயே இருக்கவேண்டும் என்று பட்டறை அண்ணன் தொலைபேசியில் வற்புறுத்தினார். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

பாடத்தின் வரிசை இப்போது இப்படிப் போகிறது: முதலில் நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தையும் சட்டத்தின் உள்ளையும் கழுவி உப்பைப் போக்கு, வடிதுளைகளைக் குத்தித் திற, நன்றாகக் காயவிடு. உதிரும் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து எடு, துருமாற்றி தடவு, பிரைமர் அடி. அதன்பிறகுதான் அடிக்காப்பும் உள்மெழுகும். பிரேக் டிஸ்க்கிலும் புகைக்குழாயிலும் எதுவும் படக்கூடாது. வேலை முடிந்ததும் வடிதுளைகளைப் பூச்சு அடைத்துவிட்டதா என்று மறுபடி பார்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மயிலாப்பூர்

பிள்ளைகளுக்குப் பயன்படட்டும், மகிழ்ச்சி. ஆனால் 'உள்மெழுகு' புணர்ச்சி விதிக்கு மாறானது என்ற என் மறுப்பைக் குழு பதிவில் வைத்துக்கொள்ளவும். அடுத்த பதிப்பு எப்போது?

சொல்லாய்வாளர், நங்கநல்லூர்

துவர் பற்றி யாரும் மறுத்து எழுதவில்லை. தனி இழையாகத் தொடங்குகிறேன்.