முல்லைத்தீவில் இறால் படாத மீன்குழம்பு எங்கே கிடைக்கும்?

உறவுகளே, நானும் மனைவியும் வவுனியாவில் இருந்து மோட்டார் சைக்கிளில் மாங்குளம், ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக் கடற்கரைக்கு வந்து 2 நாள். மனைவிக்கு இறால், நண்டு ஒவ்வாது. மீனுக்கு ஒன்றுமில்லை.

நேற்று மத்தியானம் ஒரு கடையில் சொல்லித்தான் பொரித்த மீன் எடுத்தோம். இறால் பொரித்த அதே தாச்சி, அதே எண்ணெய். 10 நிமிடத்தில் உதடு தடித்து, கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துத்தான் அடங்கியது. இரவு மரக்கறிக் கொத்து கேட்டோம். அதே தட்டில் நண்டுக் கொத்து அடித்துக்கொண்டிருந்தார்கள், திரும்பிவிட்டோம். இன்று பாணும் வாழைப்பழமும்தான். கடலுக்குப் பக்கத்தில் இருந்தும் அவர் ஆசைப்பட்ட மீன்குழம்பு கிடைக்காதது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நாளை வட்டுவாகல் பாலம் தாண்டி, புதுக்குடியிருப்பு, பரந்தன் வழியாகத் திரும்புகிறோம். அந்த வழியில் வேறு சட்டியில் மீன் சமைத்துத் தரக்கூடிய கடை எது?