டேலி பிரைம் 32 பிட் விண்டோஸில் ஏறவில்லை: மூன்று கணினியையும் மாற்றத்தான் வேண்டுமா?

ஜவுளிக்கணக்கு_ஈரோடு:
மொத்த ஜவுளிக் கடைங்க. மூன்று கணினியிலும் விண்டோஸ் 7, 32 பிட். கணக்குக்கு டேலி ஈஆர்பி 9 மல்டி யூசர் ஓடுது. அதோட புதுப் பதிப்பான டேலி பிரைம் போடப் பார்த்தால் 64 பிட் விண்டோஸ் வேணும்னு நின்னுடுது.

லைசன்ஸ் இருக்கிற கணினி: ஐ3-3220, எச்61 போர்டு, 4 ஜிபி ரேம். மற்ற இரண்டும் கோர் 2 டியோ இ7500, ஜி41 போர்டு, டிடிஆர்3 ரேம் 2 ஜிபி. பில்லுக்கு எல்பிடி (பழைய பேரலல் போர்ட்) கேபிளில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். பழைய சரக்கு இருப்பு டாஸ் காலத்து பாக்ஸ்புரோ டேட்டாபேஸ் புரோகிராமில் கிடக்குது. மூன்றையும் தூக்கிப்போட்டு புதுசு வாங்குன்னு சொல்றாங்க. எதை வைத்துக்கொள்ளலாம், எதை மாற்றியே ஆகணும்?

மதர்போர்டு_மணி:
உங்கள் இரண்டு பிராசசருமே 64 பிட்தான். ஏற்றியிருக்கும் விண்டோஸ்தான் 32 பிட். பழைய கணினிகள் பலவற்றில் இதுதான் நிலை, இதைப் பார்க்காமலேயே புதுசு விற்கிறார்கள். வேறு யாராவது சோதிக்க வேண்டுமென்றால்: விண்டோஸ் 7 கண்ட்ரோல் பேனலில் 'பெர்பார்மன்ஸ் இன்பர்மேஷன் அண்ட் டூல்ஸ்' போய் விரிவான அறிக்கையைத் திறங்கள். '64-பிட் கேப்பபிள்' என்ற வரியில் 'யெஸ்' இருந்தால் போதும்.

32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு மேலேயே அப்கிரேடு செய்ய முடியாது. பார்மேட் அடித்துப் புதிதாகத்தான் ஏற்ற வேண்டும். அதற்கு முன் லைசன்ஸ் உள்ள கணினியில் ஈஆர்பி 9 முதல் திரையில் எஃப்12, லைசன்சிங், சரண்டர் லைசன்ஸ் கொடுத்து லைசன்ஸை அந்தக் கணினியிலிருந்து விடுவியுங்கள். இதை விட்டுவிட்டு பார்மேட் அடிப்பவர்கள்தான் மறுநாள் காலை பில் போட முடியாமல் தவிக்கிறார்கள். பிரைமுக்கு மாற டிஎஸ்எஸ் (டேலி அப்டேட்டுக்கான) சந்தா நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ரேம்: 2 ஜிபியில் 64 பிட் விண்டோஸ் பூட் ஆகும், வேலை நடக்காது. ஜி41 போர்டு 8 ஜிபி வரை ஏற்கும், ஆனால் ஒரு சிக்கல் உண்டு. 4 ஜிபி ரேம் குச்சி வாங்கினால் இரண்டு பக்கமும் சேர்த்து 16 சில்லு (கருப்பு சிப்) இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் 8 சில்லு உள்ள புதிய 4 ஜிபி குச்சியை இந்த சிப்செட் புரிந்துகொள்ளாது. திரை கருப்பாகவே நிற்கும், அல்லது பாதி ரேம் மட்டும் காட்டும். கடைக்காரர் 'டிடிஆர்3தான் சார், போடுங்க' என்பார். கையில் வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். எச்61-இல் இந்தத் தொல்லை இல்லை.

கூடவே 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி. ஜி41-இல் சாட்டா 2 வேகம்தான் கிடைக்கும், ஆனாலும் பழைய ஹார்டு டிஸ்க்கோடு ஒப்பிட்டால் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம்.

தணிக்கை_மேசை:
மணி சொல்வது எல்லாம் சரி. ஆனால் எந்த விண்டோஸ் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். செலவு அங்கேதான் முடிவாகிறது.

விண்டோஸ் 7, 64 பிட் வேண்டவே வேண்டாம். க்ரோம் அதில் 109-ஆம் பதிப்போடு 2023-இல் நின்றுவிட்டது. ஜிஎஸ்டி தளம், வங்கித் தளம் எல்லாம் பிரவுசரை நம்பித்தான் இருக்கின்றன.

விண்டோஸ் 10-க்கு இலவச பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. நிறுவனங்களுக்கான நீட்டிப்பு முதல் ஆண்டுக்கு கணினிக்கு 61 டாலர், பிறகு ஆண்டுக்காண்டு இரட்டிப்பு, அதிகபட்சம் மூன்று ஆண்டு. பழைய இ7500-க்கு அந்தப் பணத்தைக் கட்டுவது அநியாயம்.

விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாகக் கேட்பது டிபிஎம் 2.0 (பாதுகாப்பு சிப் வசதி), இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை பிராசசர் முதல். சோதனையைத் தாண்டி ஏற்றும் குறுக்குவழிகள் ஐ3-3220-இல் வேலை செய்யலாம். இ7500-இல் 24எச்2 பதிப்பு பூட்டே ஆகாது. 'பாப்கவுண்ட்' என்ற கட்டளை அந்த பிராசசரிலேயே கிடையாது, அதை எந்தக் குறுக்குவழியும் கொண்டுவந்து சேர்க்காது. கணக்கு வைத்திருக்கும் கணினியில் குறுக்குவழி விண்டோஸ் வைப்பதையும் நான் ஏற்க மாட்டேன்.

என் முடிவு: 8-ஆம் தலைமுறை ஐ3 அல்லது ஐ5 உள்ள ரீபர்பிஷ்டு கணினி ஒன்று வாங்குங்கள். பயாஸில் 'பிடிடி' என்ற இன்டெல் வசதியை இயக்கினால் டிபிஎம் வந்துவிடும். லைசன்ஸ், டேட்டா, ரிட்டர்ன் தாக்கல், வங்கி எல்லாம் அதில். ஐ3-க்கும் ஒரு இ7500-க்கும் எஸ்எஸ்டி, ரேம், விண்டோஸ் 10 64 பிட் போட்டு, கடைக்குள் நெட்வொர்க்கில் பில் போட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ரூட்டரில் அந்த இரண்டுக்கும் இணையத்தை அடைத்துவிடுங்கள். மெயில், பென் டிரைவ் கூடாது. இது இரண்டு ஆண்டுக்கான ஏற்பாடு, அதற்கு மேல் நீட்ட வேண்டாம்.

புதிய கணினியின் பயர்வாலில் டேலி கேட்வே சர்வருக்கு (மற்ற கணினிகளுக்கு லைசன்ஸ் கொடுக்கும் பகுதி) 9999 போர்ட்டைத் திறங்கள். மற்ற கணினிகளில் 'லைசன்ஸ் கிடைக்கவில்லை' என்று எஜுகேஷனல் மோடில் (லைசன்ஸ் இல்லாத பயிற்சி நிலை) திறந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

பாக்ஸ்புரோ_பழசு:
மிச்சமாகும் ஒரு இ7500-ஐ பார்மேட் அடிக்காதீங்க. 32 பிட் விண்டோஸ் 7 அப்படியே இருக்கட்டும், லேன் கேபிளை மட்டும் பிடுங்கிடுங்க. 64 பிட் விண்டோஸில் 16 பிட் புரோகிராமை ஓட்டும் பகுதியே கிடையாது, அதனால டாஸ் பாக்ஸ்புரோ திறக்கவே திறக்காது. புதுக் கணினியிலேயே ஓடணும்னா டாஸ் புரோகிராமை ஓட்டித் தரும் விடாஸ் அல்லது டாஸ்பாக்ஸ்-எக்ஸ் போடலாம். இருப்பைப் பார்க்க மட்டும்னா பாக்ஸ்புரோவின் டிபிஎஃப் டேட்டா கோப்புகளை லிப்ரெ ஆபீஸ் கால்க்கில் நேராத் திறக்கலாம். மெமோ புலம் (நீளக் குறிப்பு வைக்கிற கட்டம்) இருந்தா அதே பெயருள்ள எஃப்பிடி கோப்பும் கூடவே இருக்கணும்.

பிரிண்டர்: 32 பிட் டிரைவர் 64 பிட்டில் ஏறாது. கம்பெனி டிரைவர் கிடைக்கலைன்னா 9 ஊசி பிரிண்டருக்கு எப்சன் எஃப்எக்ஸ், 24 ஊசிக்கு எப்சன் எல்க்யூ டிரைவர் பெரும்பாலும் ஒத்துப்போகும். எல்பிடி போர்ட் இல்லாத கணினிக்கு யூஎஸ்பி மாற்றுக் கேபிள். அதைச் செருகியதும் போர்ட் பட்டியலில் யூஎஸ்பி001 வரும், டிரைவரை அந்தப் போர்ட்டுக்கு மாற்றணும். எல்பிடி1-லேயே விட்டா பிரிண்ட் வரிசையில் நின்னுக்கிட்டே இருக்கும்.

ஜவுளிக்கணக்கு_ஈரோடு:
ரொம்ப நன்றிங்க. ஒரே ஒரு கேள்வி: முதலில் ஒரு கணினியில் பிரைம், மற்றதில் ஒரு மாசம் ஈஆர்பி 9 என்று ஓட்டலாமா?

தணிக்கை_மேசை:
முடியாது. பிரைம் 3.0 முதல் டேட்டாவை மைக்ரேட் செய்தே திறக்கும். அப்படி மாறியதை ஈஆர்பி 9-இல் திரும்பத் திறக்க முடியாது. மூன்றையும் ஒரே நாளில் மாற்றுங்கள். 20-ஆம் தேதி ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் தாக்கல் முடிந்த அடுத்த ஞாயிறு வசதி.

முந்தின நாள் ஈஆர்பி 9-இல் ட்ரையல் பேலன்ஸ், ஸ்டாக் சம்மரி, நிலுவைப் பட்டியல் மூன்றையும் பிடிஎஃப் எடுங்கள். டேட்டா வழக்கமாக சி டிரைவில் யூசர்ஸ், பப்ளிக், டேலி.ஈஆர்பி9, டேட்டா என்ற இடத்தில் ஐந்து இலக்க எண் பெயருள்ள போல்டராக இருக்கும். கம்பெனியை மூடிவிட்டு போல்டரோடு இரண்டு இடத்தில் நகல் எடுத்து, நகலை மட்டும் மைக்ரேட் செய்யுங்கள். பழுது என்று காட்டினால் பழைய ஈஆர்பி 9-இல் இன்னொரு நகலைத் திறந்து கண்ட்ரோல்+ஆல்ட்+ஆர் கொடுத்து ரீரைட் செய்த பிறகு மறுபடி முயலுங்கள். முடிந்ததும் மூன்று பிடிஎஃபையும் வரி வரியாக ஒப்பிடுங்கள். நிலுவைப் பட்டியலில் ஒரு பில் மாறினாலும் திங்கட்கிழமை கடையைப் புது டேட்டாவில் திறக்காதீர்கள்.

மாற்றாத மூல போல்டரை வெளி டிஸ்க்கில் பூட்டி வையுங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் காட்டத் தயாராக இருக்க வேண்டும்.