கிரகணம் சாஃப்ட்வேரில் சிம்மம், பஞ்சாங்கத்தில் கடகம்: எதை எடுப்பது?

கேள்வி:
வணக்கம். மகளுக்குக் கடக லக்னம், 25°50'. அந்தப் பாகையைத் தொடும் சூரிய கிரகணங்களைத் தேடினேன். 2026 ஆகஸ்ட் 12 கிரகணத்துக்கு சாஃப்ட்வேர் சிம்மம் 20°02' என்கிறது. திருக்கணிதப் பஞ்சாங்கத்தில் அன்று அமாவாசை முடியும்போது ஆயில்யம், அதாவது கடகம். செட்டிங்கில் எதையோ மாற்றினேன், இப்போது கடகம் 27°16' வருகிறது. இரண்டு நாளாகத் தலை சுற்றுகிறது. உதவுங்கள்.

பதில்:
சார், அது ஆடி அமாவாசை. ஆடியில் சூரியன் கடகத்தில்தானே இருப்பார்? ஆவணி பிறந்தால்தான் சிம்மம். முதலில் வந்தது சாயனக் கணக்கு, அதாவது மேல்நாட்டு முறை. அதிலிருந்து நம் பஞ்சாங்க ராசிக்கு வரக் கழிக்கும் பாகைதான் அயனாம்சம்; அதில் லஹிரி, ராமன் என்று பல முறைகள் உண்டு. லஹிரி அயனாம்சம் அந்தத் தேதிக்கு 24°13'. கழித்தால் கடகம் 25°49'. இப்போது உங்களுக்கு ராமன் அயனாம்சம் விழுந்திருக்கிறது, அது லஹிரியைவிட ஏறக்குறைய ஒன்றரை பாகை குறைவு. மகள் ஜாதகம் எதில் கணித்ததோ அதையே இங்கும் வையுங்கள்.

கேட்டவர்:
ஜாதகம் லஹிரிதான். மாற்றியதும் பட்டியலில் 25°49' வந்துவிட்டது, நன்றி சார். ஆனால் அந்த நேரத்துக்குக் கட்டம் போட்டால் சூரியன் 25°36', சந்திரன் 22° சொச்சம். கிரகணத்தில் இருவரும் சேர்ந்திருக்க வேண்டாமா?

பதில்:
கட்டாயம் சேர்ந்திருக்க வேண்டும். பட்டியலில் இருக்கும் 17:37 உலக நேரம். நமக்கு இரவு 11:07. நீங்கள் மாலை 5:37 என்று போட்டிருப்பீர்கள். ஐந்தரை மணி நேரத்தில் சூரியன் 13 கலைதான் (60 கலை ஒரு பாகை) நகர்வார், சந்திரன் மூன்று பாகைக்கு மேல் ஓடிவிடுவார். அதனால் சூரியனை மட்டும் பார்த்தால் இந்தத் தப்பு கண்ணில் படாது.

தேடலில் 1° இடைவெளியை 2° ஆக்கிப் பாருங்கள். 1999 ஆகஸ்ட் 11, 2018 ஆகஸ்ட் 11 இரண்டும் கடகம் 24½° பக்கம் வரும். 19 வருடத்துக்கு ஒருமுறை கிரகணம் கிட்டத்தட்ட அதே பாகைக்குத் திரும்புவது உண்டு. 2026-க்கு அடுத்தது 2045 ஆகஸ்ட் 12.

ஒன்று கேட்க வேண்டும். பிறந்த நேரம் எவ்வளவு துல்லியம்? லக்னம் ஒரு பாகை நகர ஏறக்குறைய 4 நிமிடம் போதும்.

கேட்டவர்:
பிரசவ அறைக்கு வெளியே நின்று நான் கைக்கடிகாரத்தில் பார்த்தது 6:40. அதைத்தான் போட்டேன். ஆஸ்பத்திரி சீட்டில் 6:45 என்று இருக்கிறது.

பதில்:
அப்படியென்றால் லக்னம் 27° வரை போகும். ஒரு கலை வித்தியாசத்தில் கிரகணம் என்று பயப்பட அதில் இடமே இல்லை சார். மேலும் அது இரவில் நடப்பது; முழுக் கிரகணம் கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்பெயின் பக்கம். நம் ஊரில் தெரியாத கிரகணத்துக்கு எங்கள் வீட்டில் தோஷம் பார்ப்பதில்லை. சந்திரன் பாகையை வைத்துத் தேடுங்கள். 5 நிமிடத்தில் அவர் ஏறக்குறைய 3 கலைதான் நகர்வார்.

கேட்டவர்:
தேடினேன். மகளுக்குப் பூசம், சந்திரன் கடகம் 15°20'. 2027 ஆகஸ்ட் 2 கிரகணம் 15°41' என்று வந்திருக்கிறது. நேரத்தைச் சரியாகப் போட்டுப் பார்த்தேன், சூரியனும் சந்திரனும் ஒரே கலையில் நிற்கிறார்கள்.