டெஸ்டிங்கில் கார்டுகள் குவிகின்றன, லிமிட் எவ்வளவு வைப்பது?

கேள்வி: நாங்கள் 6 பேர். கான்பன் போர்டில் (ஒவ்வொரு வேலையும் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கார்டுகளாகக் காட்டும் பலகை) 18 கார்டுகள் முடியாமல் திறந்து கிடக்கின்றன, வாரத்துக்கு 6 முடிந்தாலே பெரிது. டெவலப்பர்கள் வேலையை டெஸ்டிங் பக்கம் தள்ளிவிட்டு உடனே அடுத்ததை எடுத்துவிடுகிறார்கள், டெஸ்டரோ ஒருவர்தான். ஒரு கட்டத்தில் ஒரே நேரத்தில் இத்தனை கார்டுகள்தான் என்று லிமிட் வைத்தால் ஆட்கள் சும்மா உட்கார வேண்டி வராதா?

பதில் 1: காத்திருப்பு வரிசைகளைப் பற்றி 1961இல் ஜான் லிட்டில் நிரூபித்த விதிப்படி, கையில் உள்ள வேலையை முடிக்கும் வேகத்தால் வகுத்துப் பாருங்கள். 18ஐ 6ஆல் வகுத்தால் ஒரு கார்டுக்குச் சராசரியாக 3 வாரம். வேகம் மாறாமல் 9 கார்டு மட்டும் திறந்திருந்தால் ஒன்றரை வாரம்தான்.

பதில் 2: டெஸ்டிங்குக்கு 3 வையுங்கள், அங்கே காத்திருப்பவையும் அதில் சேர்த்தி. நிரம்பிவிட்டால் டெவலப்பர் புதுசு எடுக்கக் கூடாது. போய் ஆட்டோமேஷன் டெஸ்ட் எழுதட்டும், ரிவியூ பார்க்கட்டும், இல்லை டெஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து பக் சரிசெய்யட்டும். சும்மா இருந்தால்தான் என்ன, அடைப்பு எங்கே என்றாவது தெரியுமே.

பதில் 3: எங்கள் டீமில் லிமிட் வைத்ததும் போர்டில் ‘பிளாக்டு’ (தடைபட்டு நிற்பவை) என்று தனியாக ஒரு பகுதி திறந்து எல்லாவற்றையும் அங்கே ஒளித்து வைத்தோம். அதற்கு லிமிட் இல்லையே!

கேள்வி கேட்டவர்: டெஸ்டரிடம் கேட்டேன், 3 கூட அதிகம் என்கிறார். சரி, திங்கட்கிழமை 2இல் தொடங்குகிறோம்.