மறு: "ராவல்" என்ற வினைக்குத் தமிழ்ச்சொல் (துணிச் சோதனைக் கையேடு)

அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. துணியின் இழுவலிமையை அறியும் சோதனைப் பட்டையான "ராவல்டு ஸ்ட்ரிப்" (ravelled strip) என்பதற்குத் தமிழ்ச்சொல் மட்டும் பாக்கி. துணியை 60 மி.மீ. அகலத்தில் வெட்டி, இரு ஓரத்திலும் நீளவாட்டு இழைகளை ஏறக்குறைய சம எண்ணிக்கையில் எடுத்து 50 மி.மீ. ஆக்க வேண்டும். பிறகு 200 மி.மீ. இடைவெளியில் பிடித்து, அறும்வரை இழுக்க வேண்டும். அகராதியில் "ராவல்" என்றால் சிக்காக்கு, சிக்கெடு என இரண்டும் இருக்கின்றன. எதைப் பிடிப்பது?

---
> எதைப் பிடிப்பது?

டச்சு "ராஃபெலன்" வழி வந்த சொல் அது. நெசவு பிரிந்தால் நூல் வெளியே வரும், வந்த நூல் சிக்காகும். இரு பொருளும் அப்படித்தான். நமக்கு "அவிழ்" இருக்கிறதே! தானாக நடந்தால் அவிழ்தல், நாம் செய்தால் அவிழ்த்தல். முகை அவிழ்கிறது, வெந்து மலர்ந்த சோற்றுப் பருக்கையும் அவிழ்தான். "அவிழ்பட்டை" என்க.

---
ஐயா, அவிழ்க்க முடிச்சோ கட்டோ வேண்டும். நெய்த துணியில் பாவும் (நீள இழை) ஊடையும் (குறுக்கிழை) மேலும் கீழுமாகப் போகின்றன, அவ்வளவே. ஓர இழையை ஊசிமுனையால் கிளப்பி நுனியைப் பிடித்து இழுத்தால் முழு நீளமும் வந்துவிடும். உறையிலிருந்து வாளை உருவுவது போல இதுவும் உருவுதலே.

கத்தரியோடு நிறுத்தினால் என்ன ஆகும்? வெட்டு இம்மி சாய்ந்தாலும் ஓர இழைகள் ஒரு பிடியிலிருந்து மறு பிடிவரை முழுதாக ஓடா. சுமை ஏறும்போது நழுவிவிடும். ஏட்டில் 50 மி.மீ. என்றிருக்கும்; சுமை தாங்கியவை அதைவிடக் குறைந்த இழைகள். உருவியபின் ஓரத்தில் நிற்கும் குறுக்கிழைக் குஞ்சம்தான் நீள இழை நழுவாமல் காக்கிறது. என் வாக்கு "உருவுபட்டை"க்கு.

---
வினைத்தொகை சரி. ஆனால் "உருவுகண்டு எள்ளாமை" படித்த பிள்ளை அதை வடிவம் என்று எடுத்துக்கொள்ளும். "இழை உருவிய பட்டை" நீளம்தான், தடுமாற்றம் இல்லை.

பின்னல் துணிக்கு இது ஆகாது. அங்கே நூல் கண்ணி கண்ணியாகக் கழன்று வரும். சாதா ஜெர்சி (ஒரு முகத்தில் முன்கண்ணி மட்டுமே தெரியும் பின்னல்) இரு முனையிலிருந்தும் பிரியும். ஒன்றுக்கு ஒன்று ரிப் (முன்கண்ணியும் பின்கண்ணியும் மாறிமாறி வரும் பின்னல்), கடைசியாகப் பின்னிய முனையிலிருந்து மட்டும். ஆகவே அங்கே "பிரித்தல்", நூல் சிட்டத்தில் (சுற்றிய நூல்கட்டில்) "சிக்கெடுத்தல்".

---
ஓர் ஆங்கில வினைக்கு மூன்று தமிழ் வினையா? மாணவர் எதை மனத்தில் வைப்பார்? "அவிழ்" மூன்றையும் தாங்கும். என் மறுப்பைப் பதிவு செய்க.

---
பெரும்பாலோர் கருத்துப்படி "இழை உருவிய பட்டை" என்றே சேர்க்கிறேன். பூச்சு ஏற்றிய துணியில் இழை உருவ வராது என்பதால் "வெட்டுப்பட்டை" தனிப்பதிவு. ஐயாவின் "அவிழ்பட்டை" சொல்லடைவில் மாற்றுச்சொல்லாக நிற்கும். பின்னல் அத்தியாயத்துக்குப் "பிரித்தல்" போதுமா, "கண்ணி பிரித்தல்" வேண்டுமா? நாளைக் காலைக்குள் சொல்லுங்கள்.